எந்தப் பெட்டிக்கு உங்க ஓட்டு?

அமெரிக்காவில், பழைய ரயில் பெட்டிகளின் ரசிகர்களிடம், 'புல்மேன் பெட்டி உசத்தியா, பட் கம்பெனி பெட்டி உசத்தியா?' என்று கேட்டால், சண்டையே வந்து விடும். நான், பட் கட்சி!

படுக்கை வசதி கொண்ட சொகுசுப் பெட்டிகளுக்குப் பெயர் பெற்றது புல்மேன். 1934ல், அலுமினியத்தில், 'எம் - 10000' என்ற ரயிலைச் செய்தது. அதே ஆண்டு, பட் கம்பெனி, எவர்சில்வரில் 'ஜெபிர்' ரயிலைச் செய்தது. ஆம்... உங்க வீட்டு டம்ளர் செய்யும் அதே எவர்சில்வர் தான்! அந்த ரயில், மே 26ல், டென்வரிலிருந்து சிகாகோவுக்கு, 1,600 கி.மீ.,க்கு மேல், 13 மணி 5 நிமிடத்தில் பறந்தது.

எவர்சில்வரை அதிகம் சூடாக்கி வெல்டிங் செய்தால், அந்த இடத்தில் துருப்பிடிக்கும். பட் கம்பெனியினர், கண் இமைக்கும் நேரம் மட்டும் மின்சாரம் பாய்ச்சி ஒட்டினர்.

பிறகு, புல்மேனும் பளபளா பெட்டிகள் செய்தது. ஆனால், பலவற்றில் உள்ளே சாதாரண எஃகு. மேலே மட்டும் எவர்சில்வர் தகடு. இடுக்கில் தண்ணீர் புகுந்து, துரு அரித்தது. வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது!

எம் - 10000, 1942ல் உடைக்கப்பட்டு, அதன் அலுமினியம் போர்த் தேவைக்குப் போனது. ஜெபிர், சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பட் கம்பெனி 1954 - 55ல் செய்த பெட்டிகள், கனடாவின் டொரன்டோ - வான்கூவர் ரயிலில் இன்னும் ஓடுகின்றன. சரி, நீங்க எந்தக் கட்சி?