பழைய தோட்ட டிராக்டருக்கு முன்புற லோடர் பொருத்துதல் தகுமா?

ஐக்கிய அமெரிக்க நாடுகளில், ஊர்ப்புறத்தே ஒரு வீடும் அதனைச் சுற்றி இரண்டு மூன்று ஏக்கர் நிலமும் உடையவர்களிடையே தோட்ட டிராக்டர் என்னும் சிறு யந்திரம் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இந்தியானா மாகாணத்தில் 1946-ஆம் ஆண்டு தோன்றிய வீல் ஹார்ஸ், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியார் 1961-இல் விற்பனைக்குக் கொணர்ந்த கப் கேடட், ஜான் டீயர் கம்பெனியார் 1963-இல் வெளியிட்ட 110 ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. முதற் கப் கேடட்டின் எஞ்சின் 7 குதிரைச் சக்தி மட்டுமே உடையது. எனினும் கனத்த இரும்பாலும் பல்சக்கரங்களாலும் ஆகிய அந்த டிராக்டர்களுள் பல, அறுபது ஆண்டு கழிந்தும் உழைத்து வருகின்றன.

இவற்றை உடையவர்களுள் சிலர், மண்ணும் எருவும் அள்ளி உயர்த்தும் முன்புற லோடரைத் தம் டிராக்டருக்குப் பொருத்த விரும்புகின்றனர். இரண்டு இரும்புக் கைகளும், அவற்றின் நுனியில் ஒரு வாளியும், எண்ணெய் அழுத்தத்தால் இவற்றை இயக்கும் ஹைட்ராலிக் குழல்களும் சேர்ந்ததே லோடர். பழைய யந்திரத்தை இவ்வாறு வருத்துவது அடாது என்பார் ஒரு சாரார். எஞ்சினுக்குச் சக்தி இருக்கும்போது தடை ஏது என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டு கொள்கைகளும் முழுதும் ஏற்கத்தக்கன அல்ல. லோடரைப் பொருத்தலாம்; ஆனால் அது தூக்க வேண்டிய பாரத்தைப் பம்பின் பலத்தைக் கொண்டு நிர்ணயிக்கலாகாது, முன் அச்சின் பலத்தைக் கொண்டே நிர்ணயித்தல் வேண்டும். இவ்வொரு விதியை மறந்தவர்களே டிராக்டரை முறித்துக்கொள்கின்றனர்.

தோட்ட டிராக்டர் பின்புறத்தால் இழுப்பதற்கென்று அமைந்தது. அதன் பாரத்தில் பெரும்பகுதி பின் சக்கரங்களின் மீது நிற்கும். முன் அச்சோ திசை திருப்புவதற்கு மட்டுமே போதுமான வலிமை உடையது. லோடரைப் பூட்டியவுடன் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. கிணற்றில் ஏற்றம் இறைப்பவர்க்கு இதன் காரணத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. துலாவின் ஒரு நுனியில் பாரம் தொங்கினால் மறு நுனி எழும். இரண்டின் சுமையையும் நடுவில் நிற்கும் கால் தாங்கும். இங்கே அந்தக் கால் முன் அச்சேயாகும்.

ஒரு கணக்கால் இது தெளிவாகும். டிராக்டரும் ஓட்டுபவரும் லோடரின் கைகளும் சேர்ந்து 900 ராத்தல் எனவும், அதில் 600 ராத்தல் பின்னும் 300 ராத்தல் முன்னும் நிற்பதாகவும், இரு அச்சுகளுக்கும் இடையே 45 அங்குலம் எனவும் கொள்க. முன் அச்சுக்கு 30 அங்குலம் முன்னே, வாளியும் மண்ணுமாக 300 ராத்தல் தொங்குமாயின், பின் சக்கரங்கள் 200 ராத்தலை இழக்கும். முன் அச்சோ 500 ராத்தலைக் கூடுதலாக ஏற்கும். அதாவது முன்னே 300 ஆக இருந்தது 800 ஆகிறது. பின்னே 600 ஆக இருந்தது 400 ஆகிறது. இழுக்கும் சக்கரங்கள் பிடிப்பை இழக்க, இழுக்காத சக்கரங்கள் மண்ணில் புதைகின்றன. ஸ்டியரிங்கும் கைக்கு அடங்காமல் கனக்கிறது.

பம்போ இந்த வேற்றுமையை அறியாது. இரண்டு அங்குல உள்விட்டமுள்ள குழலில், சதுர அங்குலத்துக்கு 1,000 ராத்தல் அழுத்தத்தில் எண்ணெய் பாய்ந்தால், அக்குழல் 3,140 ராத்தல் விசையுடன் தள்ளும். இரு குழல்களும் சேர்ந்து 6,280 ராத்தல். கைகளின் நீளத்தால் அவ்விசை ஐந்தில் ஒரு பங்காகக் குறையினும், வாளியில் 1,250 ராத்தலுக்குக் குறையாமல் எழும்பும். டிராக்டரின் எடையினும் மிகுந்த பாரம் இது. ஆகவே சிறு விட்டமுள்ள குழல்களைத் தேர்ந்துகொள்வதும், அழுத்தம் மிகுந்தால் எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வை முன் அச்சின் தாங்குதிறனுக்கு ஏற்பக் குறைத்து வைப்பதும் இன்றியமையாதவை. ஒன்றரை அங்குலக் குழல் இரண்டு அங்குலக் குழலின் விசையில் சற்றேறக்குறையப் பாதியே தரும். சிறு டிராக்டருக்கு அதுவே பெரும்பாலும் போதும்.

அடுத்து நோக்க வேண்டியது முன் அச்சு. சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டில் என்னும் தண்டு, பழைய மாதிரிகள் பலவற்றில் முக்கால் அங்குல விட்டமே உடையது. உருண்டைத் தண்டின் வளையாத் திறன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்ததாகையால், அதனை ஓர் அங்குலமாக மாற்றினால் வலிமை இரண்டேகால் மடங்குக்கும் மேலாகும். சக்கரத்தில் தேய்ந்த புஷ்ஷுக்குப் பதிலாக நல்ல பேரிங் இடுதலும், அச்சின் நடு ஊசியைப் புதுப்பித்தலும் இதனோடு சேர்ந்தவை. இம்மூன்றையும் செய்யாமல் லோடரைப் பூட்டுவது, நுகத்தடி இற்றுப்போன வண்டியில் நெல் மூட்டை ஏற்றுவதை ஒக்கும்.

மூன்றாவது, பின்பாரம். இதில் பலர் ஒரு நுட்பத்தைக் கவனிப்பதில்லை. பின் சக்கரங்களில் வார்ப்பிரும்பு வளையங்களை மாட்டுதலும், டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசலை நிரப்புதலும் அந்நாட்டு வழக்கம். இவை பின்புறம் எழும்பாமல் தடுக்கும். ஆனால் முன் அச்சின் சுமையில் ஒரு ராத்தலையும் குறைக்கமாட்டா. மேற்கூறிய டிராக்டரில் 150 ராத்தலைச் சக்கரத்தில் மாட்டினால் முன்னே 800 அப்படியே நிற்கும். அதே 150 ராத்தலைப் பின் அச்சுக்கு 30 அங்குலம் பின்னே தொங்கவிட்டால், முன்னே 700 ஆகக் குறைந்து, பின்னே 650 ஆக உயரும். செலவு ஒன்றே, பயன் வேறு. துலாவின் அடியில் கல்லைக் கட்டும் அதே உபாயம் இது. கரைசலோ நாளடைவில் சக்கரத்தின் இரும்பை அரிக்கவும் கூடும்.

லோடரின் தூண்களை டிராக்டரின் முன் சட்டத்தில் மட்டும் நிறுத்துவது பெரும்பிழை. அவற்றினின்று இருபுறமும் கனத்த இரும்புச் சட்டங்களைப் பின் அச்சின் உறை வரையில் கொண்டுசென்று பிணைத்தால், இழுப்பும் முறுக்கும் டிராக்டர் முழுவதும் பரவும். இப்பிணைப்பு போல்ட்டாலும் கவ்விகளாலும் ஆதல் வேண்டும். வார்ப்பிரும்பு உறைமீது வெல்டிங் செய்தால் எளிதில் விரிசல் காணும். போல்ட்டால் பூட்டியதைக் கழற்றிவிட்டால் பழைய யந்திரம் பழையபடியே நிற்கும். பழம்பொருளைப் பேண விரும்புவோரின் மனக்குறையும் இதனால் நீங்கும்.

வாளியின் அளவிலும் அடக்கம் வேண்டும். ஈரமண் ஒரு கன அடி ஏறத்தாழ 100 ராத்தல் நிறுக்கும். மக்கிய எரு அதனினும் குறைவு. புதிதாய்ப் பெய்த பனி மிகமிகக் குறைவு. பனிக்கென்று அமைத்த அகன்ற வாளியில் சரளைக் கல்லை அள்ளுவதனாலேயே அச்சுகள் முறிகின்றன. அள்ளவிருக்கும் பொருள்களுள் மிகக் கனமானதை எண்ணியே வாளியை அமைத்தல் வேண்டும். இரண்டு கன அடி வாளி சிறிதெனத் தோன்றினும், மண்வெட்டியால் அள்ளுவோன் முதுகுக்கு அது பெரிய உபகாரம்.

யந்திரத்தினும் அருமையானது ஓட்டுபவன் உயிர். முன் அச்சு நடு ஊசியில் ஆடுவதால், டிராக்டர் நான்கு கால்களில் நிற்பதுபோல் தோன்றினும், இரு பின் சக்கரங்களும் அவ்வூசியுமாகிய முக்கோணத்திலேயே நிற்கிறது. வாளியை உயர்த்திக்கொண்டு சரிவில் திரும்பினால் பாரம் அம்முக்கோணத்துக்கு வெளியே போய்விடும். அக்காலத்து டிராக்டர்களில் கவிழ்ந்தால் காக்கும் வளைவுச் சட்டமும் கிடையாது. ஆகையால் வாளியை நிலத்துக்கு அண்மையில் வைத்தே நகர்த்துதல் வேண்டும். உயர்த்திய கைகளுக்குக் கீழே, தாங்குகட்டை இடாமல் எவரும் புகலாகாது. எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தால் அவை ஒரு நொடியில் விழும். ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும் கொடுமை உடையது. ஆதலால் கசிவைக் கையால் தடவித் தேடாமல் அட்டைத் துண்டால் தேடுக. எண்ணெய் பாய்ந்த புண் சிறு முள் குத்தியதுபோல் தோன்றினும் தாமதமின்றி வைத்தியரை அடைக.

இத்தனை தொல்லைக்குப் புதிய சிறு டிராக்டரையே வாங்கலாகாதோ என்று கேட்பது நியாயமே. 1969 முதல் ஜப்பானியக் குபோட்டா டிராக்டர்கள் அமெரிக்காவில் விற்பனையாகி வருகின்றன. நான்கு சக்கரங்களும் இழுக்கும்படி லோடருக்கென்றே அமைந்த சிறு டிராக்டர்கள் இன்று பல கம்பெனிகளிடம் கிடைக்கின்றன. நாள்தோறும் மண் அள்ளவேண்டிய தொழில் உடையவர் அவற்றை வாங்குவதே சிக்கனம். ஆயின் வசந்தத்தில் சில நாள் எருவும், மாரியில் சில நாள் பனியும் அள்ளவேண்டிய சிறு நிலக்காரர் அவ்வளவு பொருளை முடக்குவது விவேகமன்று. கொட்டிலில் நிற்கும் பழைய டிராக்டரே அவருக்குப் போதும். அதன் முன் அச்சை வலுப்படுத்தி, பின்னே பாரம் தொங்கவிட்டு, சிறு வாளியுடன் திருப்தி அடைவாராயின், அது இன்னும் பல ஆண்டு உழைக்கும். அவ்வளவும் செய்ய மனமில்லாதவர் லோடரைக் கருதாமல், டிராக்டரின் பின்னே ஒரு சாய்வண்டியைப் பூட்டி மண்வெட்டியையே கையாளுதல் நலம்.