டிக் நீலமாச்சு... டீல் என்னாச்சு?

ஃப்ரெண்ட்ஸ், இந்த வாரம் கொஞ்சம் கடை, கொஞ்சம் கம்ப்யூட்டர்!

கோயம்புத்தூரில் ஒரு வெட் கிரைண்டர் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்க அம்மா வாட்ஸ்அப்பில், 'ரெண்டு லிட்டர் டேபிள் டாப் என்ன விலை?' என்று அந்தக் கடைக்கு மெசேஜ் தட்டுகிறார். சேல்ஸ் பார்க்கும் அக்கா போட்டோ அனுப்பி, விலையும் சொல்கிறார். 'தீபாவளிக்கு வாங்கிக்கறேன். இதே விலைக்குத் தரணும்!' - இது அம்மா. 'சரிங்கம்மா' - இது அக்கா. மேட்டர் ஓவர்.

தீபாவளிக்கு முன்னாடி அந்த அக்கா வேறு வேலைக்குப் போய்விட்டால்? அந்த 'சரிங்கம்மா' அவங்க போனோடு போயே போச்சு! புதுசா சேர்ந்த பையன், 'அப்படி யாரும் சொல்லலையேம்மா' என்று தலையைச் சொறிவான். அம்மா எதிர்க்கடைக்கு நடையைக் கட்டுவார். போனது ஒரு கிரைண்டர் வியாபாரம் மட்டுமில்லை, கடை கொடுத்த வாக்கும்தான்.

வாட்ஸ்அப்பையும் சி.ஆர்.எம். சாஃப்ட்வேரையும் எதுக்கு இணைக்கிறாங்கன்னு யாராவது கேட்டா, தைரியமா சொல்லுங்க... இந்த ஒரு 'சரிங்கம்மா'வைக் காப்பாத்தத்தான்!

அண்ணாச்சி நோட்டு, ஆன்லைன் வெர்ஷன்

சி.ஆர்.எம். என்றால் கஸ்டமர் ரிலேஷன்ஷிப் மேனேஜ்மென்ட். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். மளிகைக்கடை அண்ணாச்சி நோட்டில், 'மாடி வீட்டு டீச்சர், மாசம் 1-ம் தேதி செட்டில் பண்ணுவாங்க' என்று எழுதி வைப்பாரே, அதேதான் இது. யார் கேட்டாங்க, என்ன கேட்டாங்க, யார் பதில் சொன்னாங்க, அடுத்து எப்போ பேசணும்... எல்லாம் ஒரே இடத்தில். சும்மா விசாரித்தவர் 'லீட்'. பேச்சு வியாபாரமாகிற கட்டத்துக்கு வந்துவிட்டால் அது 'டீல்'.

இந்த ஏரியாவில் நம்ம ஊர் ஒண்ணும் லேசுப்பட்டதில்லை. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ, 2005-ல் தன் சி.ஆர்.எம்.மைக் கொண்டுவந்தது. 2010-ல் சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தை வரைக்கும் போனது. ஆக, இது எங்கேயோ நடக்கிற கதையில்லை. நாளைக்கு நமக்கு ஆஃபர் லெட்டர் தரப்போற கதை!

ரெண்டு கதவு

வாட்ஸ்அப்பில் வியாபாரம் பண்ண ரெண்டு கதவு இருக்கு. ஒன்று, 2018 ஜனவரியில் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் ஆப். சின்னக் கடைகளுக்கு. இலவசம். போனில் போட்டுக்கொண்டு கையால் பதில் தட்டலாம். இன்னொன்று, அதே வருஷம் ஆகஸ்ட்டில் வந்த ஏ.பி.ஐ. இதில் உங்க சாஃப்ட்வேரே வாட்ஸ்அப்போடு நேருக்கு நேர் பேசும். 2022 மே மாதம், தன் சர்வரிலேயே ஓடும் கிளவுட் ஏ.பி.ஐ.யை மெட்டா எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதுக்கப்புறம் ஹாஸ்டல் ரூம் லேப்டாப்பிலேயே இதை ட்ரை பண்ணலாம் என்றாகிவிட்டது.

எப்படி வேலை செய்யுது? அம்மாவோட மெசேஜ் மெட்டா சர்வருக்குப் போகும். நீங்க முன்கூட்டியே கொடுத்து வைத்த வெப் முகவரிக்கு அங்கிருந்து ஒரு ஜேசன் பொட்டலமாக வந்து விழும். இதுக்குப் பேர்தான் வெப்ஹூக். 'லெட்டர் வந்துச்சா, வந்துச்சா'ன்னு நாம போஸ்ட் ஆபீஸுக்கு அலைய வேண்டாம். போஸ்ட்மேனே வீட்டுக்கு வந்து மணி அடிப்பார். உங்க புரோகிராம் பொட்டலத்தைப் பிரித்து, அதிலிருக்கும் நம்பரை சி.ஆர்.எம்.மில் தேடும். ஆள் இருந்தால் அவர் பக்கத்தில் மெசேஜை ஒட்டும். இல்லையென்றால் புது லீட் போடும்.

'ப்பூ... இவ்வளவுதானா?' என்கிறீர்களா? இனிமேதான் காமெடியே!

வழுக்கற மூணு இடம்

ஒண்ணு, நம்பர். வாட்ஸ்அப் தருகிற நம்பர், கூட்டல் குறி இல்லாமல் 91-ல் ஆரம்பித்து 12 இலக்கமாக வரும். சி.ஆர்.எம்.மில் ஒருத்தர் முன்னாடி பூஜ்யம் போட்டிருப்பார், இன்னொருத்தர் நடுவில் இடைவெளி விட்டிருப்பார், மற்றொருத்தர் வெறும் 10 இலக்கம். நமக்கு எல்லாம் ஒரே அம்மா. கம்ப்யூட்டருக்கு மூணு அம்மா! அதனால் இணைக்கிறதுக்கு முன்னாடியே எல்லா நம்பரையும் நாட்டு எண்ணோடு ஒரே வடிவத்துக்கு மாற்றிடணும். இதுக்கு இ.164 என்று ஒரு உலகத் தரமே இருக்கு. அதிகபட்சம் 15 இலக்கம்.

ரெண்டு, டூப்ளிகேட். பொட்டலம் கிடைத்ததும் உங்க சர்வர் '200 ஓகே' என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கிடைக்கலை போலிருக்கு என்று மெட்டா அதையே திரும்ப அனுப்பும். ஒரே விசாரிப்பு மூணு லீட் ஆகும், மூணு சேல்ஸ்மேன் அம்மாவுக்கு போன் போடுவார்கள்! ஒவ்வொரு மெசேஜுக்கும் தனி ஐ.டி. இருக்கு. முதலில் அதைப் பார்த்து, ஏற்கெனவே வந்ததென்றால் விட்டுடணும். கூடவே, பொட்டலத்தில் மெட்டா போடும் டிஜிட்டல் கையெழுத்தையும் உங்க ரகசியச் சாவியை வைத்துச் சரிபார்க்கணும். இல்லாவிட்டால், முகவரி தெரிந்த எவனும் போலிப் பொட்டலம் வீசலாம்.

மூணு, கடிகாரம். கஸ்டமர் கடைசியாக மெசேஜ் அனுப்பியதிலிருந்து 24 மணி நேரம்தான் கடை இஷ்டப்படி பேசலாம். அதுக்கப்புறம், வாட்ஸ்அப் முன்னாடியே ஓகே பண்ணின டெம்ப்ளேட் மெசேஜ் மட்டும்தான். 2025 ஜூலையில் வந்த மாற்றப்படி, இந்த டெம்ப்ளேட்டுகளுக்கு ஒவ்வொரு மெசேஜ் கணக்கில் காசு. 24 மணி நேரத்துக்குள் சாதாரணமாகச் சொல்லும் பதிலுக்குக் காசில்லை. அதனால் நல்ல இணைப்பு என்ன பண்ணும் தெரியுமா? 'இன்னும் 2 மணி நேரம்தான் இருக்கு, அந்தம்மாவுக்கு யாரும் பதில் சொல்லலை' என்று அக்காவைத் தட்டி எழுப்பும். பல்க் மெசேஜ் வீசற சாஃப்ட்வேரைவிட இந்த ஒரு அலாரம்தான் வியாபாரத்தைக் காப்பாத்தும்.

நீல டிக்கை நம்பாதே

அனுப்பியாச்சு, போய்ச் சேர்ந்துச்சு, படிச்சாச்சு என்கிற தகவலும் வெப்ஹூக்கில் வரும். உடனே சில மேனேஜர்கள் 'படிச்சவங்க எல்லாம் வாங்குவாங்க' என்று கிராஃப் போட ஆரம்பிச்சிடுவாங்க. நீங்களே சொல்லுங்க, கிளாஸ் குரூப்பில் எத்தனை மெசேஜைப் படிச்சுட்டு கம்முனு இருந்திருக்கீங்க? படிச்சதைக் காட்டாத செட்டிங்கை சிலர் போட்டும் வைத்திருப்பார்கள். நீல டிக் சொல்றது, பார்த்தாங்க என்று மட்டும்தான். டீல் எந்தக் கட்டத்தில் இருக்குன்னு ஒரு மனுஷன் பேசிப் பார்த்துத்தான் எழுதணும்.

எழுதற கையும், எழுதப்படற ஆளும்

இப்போ விஷயத்துக்கு வருவோம். குழாய் போடுறது ஈஸி. அதில் என்ன ஓடணும்கிறதுதான் கஷ்டம்.

அந்த சேல்ஸ் அக்காவை நினைச்சுப் பாருங்க. கஸ்டமரோட பழக்கம்தான் அவங்க மூலதனம். எல்லா சாட்டையும் உறிஞ்சி கம்பெனி கணக்கில் போட்டுவிட்டால், 'இனிமே நீங்க எதுக்கு?' என்று ஒருநாள் கேட்டுவிடலாம். பதில் சொல்ல எத்தனை நிமிஷம் ஆச்சு என்று நோண்டவும் செய்யலாம். பதிவே இல்லையென்றாலோ, அவங்க பேசிப் பிடித்த டீலுக்கு இன்சென்டிவை வேற யாராவது தட்டிக்கிட்டுப் போகலாம். அதே பதிவுதான் அவங்களைக் காப்பாத்தும், அதே பதிவுதான் மாட்டியும் விடும். கோடு எங்கே போடறோம் என்பதுதான் வித்தியாசம்.

அதனால் என் கட்சி இதுதான். கடைக்கென்று தனி நம்பர் இருக்கணும். அக்காவோட சொந்த நம்பரில் கை வைக்கக் கூடாது. ஒப்புக்கொண்ட விலை, தேதி, வாக்கு... இது கட்டாயம் பதிவாகணும். 'பேத்திக்குக் காய்ச்சல், அப்புறம் பேசறேன்' என்று அம்மா சொன்னது பதிவாக வேண்டிய அவசியமே இல்லை. எந்த டீலை யார் கொண்டுவந்தார் என்பது, ஆள் மாறினாலும் அழியக் கூடாது. என்ன பதிவாகுது என்பதை அந்த அக்காவும் பார்க்க முடியணும்.

அம்மாவுக்கும் உரிமை உண்டு. அவர் நம்பர் கொடுத்தது விலை கேட்க. ஆடித் தள்ளுபடி, பொங்கல் ஆஃபர் என்று மெசேஜ் வாங்க இல்லை. சம்மதம் வாங்கித்தான் அனுப்பணும் என்பது வாட்ஸ்அப்போட விதி. 2023-ல் நம்ம நாட்டில் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தை வைத்தே பேசுகிறது. வாட்ஸ்அப்போட என்ட்-டு-என்ட் பூட்டு எல்லாம் கடை வாசல் வரைக்கும்தான். சி.ஆர்.எம்.முக்குள் வந்துவிட்டால் அது கடையோட நோட்டு. அந்த நோட்டை யார் யார் புரட்டலாம் என்பதை முடிவு பண்ணப்போறது, கோடு எழுதற நாமதான்.

நம்மில் பாதிப் பேர் இந்த இணைப்பை எழுதற சீட்டில் உட்காரப்போறோம். மீதிப் பேருக்கு முதல் வேலையே சேல்ஸிலும் சப்போர்ட்டிலும்தான். அதாவது, அந்த அக்கா சீட்டில்! எழுதும்போது எதிர் சீட்டையும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கோங்க.

இந்த வார ஹோம்வொர்க்: ப்ராஜெக்டுக்கு டாபிக் தேடி அலையறவங்களே, கிளவுட் ஏ.பி.ஐ.யில் டெஸ்ட் பண்ண மெட்டாவே ஒரு நம்பர் தரும். 5 பேருக்கு மெசேஜ் அனுப்பலாம். உங்க கேங்கில் 5 பேர் தேற மாட்டார்களா? ஆனா, லேப்டாப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பரில் மூணு காலம் போடுங்க: எதைப் பதிவு பண்ணணும், யார் பார்க்கலாம், எப்போ அழிக்கணும். அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வைவாவுக்குப் போங்க. எக்ஸ்டர்னல் என்ன கேட்டாலும் பதில் இருக்கும்!

அடுத்த வாரம் மீட் பண்ணலாமா? ஓகேன்னு சொல்லிட்டா அது வாக்கு... நோட்டில் ஏத்திடுவேன், ஜாக்கிரதை!