குடிநீருக்கு விதி: வீண்செலவா, உயிர்க்காப்பா?

2000 ஆம் ஆண்டு மே மாதம், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து வோக்கர்ட்டன் என்னும் சிற்றூரில் குழாய்நீர் குடித்ததனால் 7 பேர் மாண்டனர். ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றனர். பெருமழை, மாட்டெருவிலிருந்த ஈ.கோலை நுண்ணுயிரைக் கிணற்றில் சேர்த்தது. போதிய குளோரின் இடப்படவில்லை. பதிவேட்டில் பொய்யளவுகள் எழுதப்பட்டன. கிருமியைக் கண்டறிந்த தனியார் ஆய்வுகூடம் சுகாதாரத்துறைக்கு அறிவிக்கவில்லை. அறிவிக்க வேண்டுமென்று அன்று சட்டமும் இருக்கவில்லை.

"விதிகள் வீண்செலவு" என்போர் கணக்கைப் பார்க்கட்டும். நீதியரசர் டெனிஸ் ஓ'கொனர் விசாரணை ஆணையத்தின் 2002 மதிப்பீட்டின்படி, அதன் பரிந்துரைகளை நிறைவேற்ற வீடொன்றுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 7 முதல் 19 டொலரே ஆகும். சுமார் 5,000 பேர் வாழ்ந்த அந்த ஒரே ஊரின் பேரிடரால் விளைந்த இழப்போ 6 கோடி டொலருக்கும் மேல். உயிர்களுக்கு விலையேது?

சிற்றூரில் செலவைப் பகிர்வோர் குறைவு என்பது உண்மையே. அதற்கு மருந்து பொதுநிதி, விதித்தளர்வு அன்று. மாகாணக் குடிநீர்ச் சட்டத்தின் காப்புக்கு வெளியே விடப்பட்ட நெஸ்கண்டாகா தொல்குடியினரைப் பாருங்கள். 1995 இல் தொடங்கிய "கொதிக்கவைத்துக் குடியுங்கள்" என்னும் எச்சரிக்கை, அவர்களுக்கு 2020களிலும் நீடித்தது.

பெற்றோரே, இளையோரே! ஒன்ராறியோவில் குடிநீர் ஆண்டறிக்கையைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. அதைக் குடும்பமாக அமர்ந்து படியுங்கள். வரியைக் குறைப்போம் என்று வாக்குக் கேட்டு வருவோரிடம், "நீர்ச் சோதனையில் எதைக் குறைப்பீர்கள்?" என்று கேளுங்கள்.