பழைய ஸ்போர்ட்ஸ் கார் கேட்கும் பிள்ளையும் பயப்படும் பெற்றோரும்

புனே வாழ் தமிழ்க் குடும்பங்களில் சில ஆண்டுகளாக ஒரு புதுவித வாக்குவாதம் கேட்கிறது. பிள்ளை நல்ல கம்பெனியில் கை நிறையச் சம்பளம் வாங்குகிறான். வீடு வாங்க முன்பணம் சேர்த்து வருகிறான் என்று பெற்றோர் நம்பியிருக்கும் வேளையில், இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, தரையோடு தரையாக ஓடும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் படத்தைக் கொண்டுவந்து காட்டுகிறான். “இதில் நாங்கள் எங்கே உட்காருவது?” என்கிறார் அம்மா. “புத்தி பேதலித்துவிட்டதா?” என்கிறார் அப்பா. அத்துடன் பேச்சு முறிகிறது. பிறகு பிள்ளை யாருக்கும் சொல்லாமல் கடன் வாங்கி அந்தக் காரை வாங்கிவிடுகிறான், அல்லது மனத்துக்குள் வெறுப்பை வளர்த்துக்கொள்கிறான். இரண்டுமே குடும்பத்துக்கு நல்லதல்ல.

பிம்ப்ரி சிஞ்ச்வடில் வாகன உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தரப் பரிசோதனை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் இந்த வழக்குகள் அவ்வப்போது என் வீட்டுத் திண்ணைக்கு வருகின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரை வாங்குவது ஒரு நாள் வேலை. அதைச் சீர்செய்து ஓட்டத் தகுதியாக்குவது ஒரு வருஷ வேலை. அந்த ஒரு வருஷத்துக்கும் அதற்கான செலவுக்கும் தயாராக இருக்கும் பிள்ளைக்குத் தாராளமாகச் சம்மதம் தரலாம். வாங்கிய அன்றே விரட்டி ஓட்ட நினைப்பவனுக்குத் தரக் கூடாது.

பெற்றோரின் பயம் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். 2024 மே 19 அன்று அதிகாலையில் நம் கல்யாணி நகரில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பதினேழு வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி, மத்தியப் பிரதேசத்திலிருந்து இங்கு வேலைக்கு வந்திருந்த இரண்டு இளம் பொறியாளர்கள் உயிரிழந்தார்கள். அந்தக் காருக்கு நிரந்தரப் பதிவுகூட முடிந்திருக்கவில்லை. இறந்தவர்கள் நம் பிள்ளைகளைப் போலவே ஊர்விட்டு ஊர் வந்து பிழைத்தவர்கள். அன்று முதல் ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்ற சொல்லைக் கேட்டாலே தாய்மார்களின் வயிறு கலங்குகிறது. ஆனால் அங்கே தவறியது வயது, கட்டுப்பாடு, காகிதம் ஆகிய மூன்றும். இயந்திரத்தை நேசித்துக் கையால் தொட்டு வேலை செய்ய விரும்பும் பிள்ளையை அந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமாகாது.

இந்த ஆசை தமிழனுக்கு அந்நியமும் அல்ல. மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்து, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, ‘ஃபார்முலா மாருதி’ என்ற பந்தயக் காரை உருவாக்கியவர் கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன். 1995-இல் அவர் மறைந்துவிட்டார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள ஓடுபாதை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த ஃபார்முலா மாருதியில் பந்தயம் பழகிய கோவைப் பிள்ளை நாராயண் கார்த்திகேயன்தான் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர்.

நம் புனேக்கும் இதில் பங்கு உண்டு. டி.சி. நிறுவனத்தின் ‘அவந்தி’ கார் 2012-இல் டெல்லி வாகனக் கண்காட்சியில் காட்டப்பட்டு, 2015-இல் விற்பனைக்கு வந்தது. ரெனோ கம்பெனியின் 2 லிட்டர் டர்போ எஞ்சின். சுமார் 250 குதிரைசக்தி. அதுவும் ஓட்டுநருக்குப் பின்னால். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள தளேகாவில்தான் அது தயாரானது. புதிதாக 36 லட்சத்தை ஒட்டி விற்ற அந்தக் கார் இப்போது செகண்ட் ஹேண்டில் அவ்வப்போது விலைக்கு வருகிறது. போர்ஷேயின் பாக்ஸ்டர், கேமன் கார்களும் அப்படியே. நம் பிள்ளைகள் கொண்டுவந்து காட்டும் படங்கள் பெரும்பாலும் இவைதான்.

எஞ்சினை ஏன் நடுவில் வைக்கிறார்கள்? நம் ஊர்ப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டால் சட்டென்று திரும்பலாம்; கையை நீட்டிப் பிடித்தால் திரும்ப முடியாது. காரின் மிகக் கனமான பாகத்தை நடுப்பகுதியில், பின் அச்சுக்குச் சற்று முன்னால் வைத்தால் வண்டி நினைத்த மாத்திரத்தில் திரும்பும். அதிலேயே ஆபத்தும் இருக்கிறது. நாம் பழகிய மாருதி, ஹூண்டாய் வண்டிகளில் எஞ்சின் முன்னால். வளைவில் வேகம் கூடிவிட்டால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்போம்; வண்டி பெரும்பாலும் அடங்கிவிடும். நடு எஞ்சின் காரில் வளைவின் மத்தியில் அப்படிச் சட்டென்று காலை எடுத்தால், பாரம் முன்னால் சாய்ந்து, பின் சக்கரங்களின் பிடி தளர்ந்து, வால் வெளியே வீசும். எளிதில் திரும்பும் வண்டி எளிதில் சுழலவும் செய்யும். லோனாவாலா மலைப்பாதையில் இதைக் கற்றுக்கொள்ள முயல்வது தற்கொலைக்குச் சமம்.

ஆகவே பழைய கார் வாங்கும்போது பளபளக்கும் பெயின்ட்டைக் கடைசியில் பாருங்கள். முதலில் காகிதம். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியிலேயே பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். அவந்தி விஷயத்தில் இது மிக முக்கியம். ஒரே காரை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பதிவு செய்து கடன் பெற்றதாகக் கூறி 2020 டிசம்பரில் மும்பை போலீஸார் அந்நிறுவனத்தை நிறுவியவரைக் கைது செய்தார்கள். அது குற்றச்சாட்டு, தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் வாங்குபவர் ஜாக்கிரதையாக இருப்பதில் தவறில்லை. வண்டி வேறு மாநிலத்தது என்றால் அந்த ஆர்.டி.ஓ.வின் ஆட்சேபணையின்மைச் சான்று வேண்டும். அதற்கு 28-ஆம் படிவம். பெயர் மாற்றத்துக்கு 29, 30. வங்கிக் கடன் தீர்ந்ததைப் பதிய 35. மகாராஷ்டிராவில் புதிதாகச் சாலை வரி கட்டவேண்டி வந்தால் அதையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது டயர். நம் சங்கத்துக் குடும்பத்துத் தம்பி ஒருவன் ஒரு காரைப் பார்த்துவிட்டு வந்து, “மாமா, டயரில் பட்டன் தேயவே இல்லை, புதுசு மாதிரி இருக்கு” என்றான். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படித்துவரச் சொன்னேன். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருஷம்; 2316 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரம். அவன் பார்த்த டயர்களுக்கு எட்டு வயது. ஓடாமல் நின்ற வண்டியில் பட்டன் தேயாது, ஆனால் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்துவிடும். இந்த வகைக் காரில் பாரத்தின் பெரும்பங்கு பின்னால் இருப்பதால், பின் டயர் நம்பிக்கைத் துரோகம் செய்தால் மறு வாய்ப்பு கிடையாது. நான்கையும் மாற்றுங்கள்; முன்னுக்கும் பின்னுக்கும் கம்பெனி சொன்ன அளவையும் காற்றழுத்தத்தையும் விட்டு விலகாதீர்கள்.

பிறகு குளிர்ச்சி. பல நடு எஞ்சின் கார்களில் ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். கூலன்ட் குழாய்கள் வண்டியின் நீளம் முழுக்க ஓடுகின்றன. எங்காவது காற்றுக் குமிழ் தங்கினால் சித்திரை வெயிலில் ஹிஞ்சேவாடி நெரிசலில் எஞ்சின் கொதித்துவிடும். ரப்பர் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. சஸ்பென்ஷன் புஷ், ஷாக் அப்சார்பர் இவை புதிதான பிறகே வீல் அலைன்மென்ட். தேய்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது, ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து கோலம் போடுவதைப் போன்றது. பின் சக்கரங்கள் மிகச் சிறிதளவு உள்நோக்கி நிற்க வேண்டும். வெளிநோக்கி நின்றால் நேர்ச் சாலையிலேயே வண்டி அலையும். நம் புனே ஸ்பீட் பிரேக்கர்களை மனத்தில் வைத்து, உயரத்தை மேலும் குறைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை போடுகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இதற்கெல்லாம் பணம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும். கையில் இருப்பதை மூன்று பங்காக்கி, இரண்டு பங்குக்குள் அடங்கும் காரை மட்டுமே வாங்கச் சொல்கிறேன். மூன்றாவது பங்கு சீர்செய்ய. முழுப் பணத்தையும் விலையாகக் கொடுத்துவிட்டுப் பழைய டயரில் ஓடுபவன் காரை வாங்கவில்லை, கவலையை வாங்கியிருக்கிறான். இந்தக் கணக்குக்கு ஒப்புக்கொள்ளாத பிள்ளைக்கு உண்மையில் கார் வேண்டியதில்லை. நண்பர்கள் பார்க்க வேண்டும் என்பதே ஆசை. அதைப் பெற்றோர் இந்த ஒரு கேள்வியிலேயே கண்டுகொள்ளலாம்.

நான் சொன்ன அந்தத் தம்பி விலையைக் குறைத்துப் பேசி அதே காரை வாங்கினான். ஏழு மாதம் அது ஒர்க்‌ஷாப்பிலேயே நின்றது. முதலில் முகம் கொடுத்துப் பேசாத அவன் அப்பா, பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் டார்ச் பிடிக்கப் போகத் தொடங்கினார். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று மகனுக்குச் சொல்ல அவரிடம் விஷயம் இருந்தது. மகன் கேட்டுக்கொண்டான். பல வருஷங்களாக அந்த வீட்டில் இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்ததில்லை என்று அவன் அம்மாவே சொன்னார்.

வண்டி தயாரானபின் எங்கே ஓட்டுவது? விரைவுச்சாலை பந்தயத் திடல் அல்ல; அங்கே கார்களுக்கு எல்லை 100 கிலோமீட்டர். வேகத்தைப் பழக இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் முறையான ஓடுபாதைகள் இருக்கின்றன. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நாளை ஒதுக்கி, பயிற்சியாளரை அருகில் வைத்துக்கொண்டு, அங்கே வால் வீசுவது எப்படி இருக்கும் என்று பிள்ளை தெரிந்துகொள்ளட்டும். அதன் பிறகு சாலையில் அவன் கால் தானாகவே அடங்கும்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்றே. பிள்ளை படத்தைக் காட்டியதும் கதவைச் சாத்தாதீர்கள். “டயருக்கு என்ன வயசு? சீர்செய்ய எவ்வளவு எடுத்து வைத்திருக்கிறாய்? எங்கே ஓட்டிப் பழகப்போகிறாய்?” என்று கேளுங்கள். பதில் இருந்தால் சம்மதியுங்கள். பதில் இல்லாவிட்டால் தேடிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நம்மில் பலர் இந்த ஊருக்கு வந்ததே வாகனத் தொழிலை நம்பித்தான். இயந்திரத்தை மதிக்கும் பழக்கத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க நம்மைவிடத் தகுதியானவர் யார்?