காற்றும் மோப்பமும்

சென்ற வாரம் வகுப்பிலே மாணவன் ஒருவன் நம்மிடம் வினாவொன்று தொடுத்தான். வெளியே சோழகக் காற்றுப் பனையோலைகளை அலைத்துக்கொண்டிருந்தது. "ஐயா, இப்படிக் காற்று வீசினால் மோப்ப நாய் மனிதனை எப்படித் தேடிப் பிடிக்கும்? மணமெல்லாம் பறந்து போய்விடாதா?" என்றான். நல்ல வினா. அதற்குரிய விடை நாயைப் பற்றியது மட்டுமன்று. நாயைப் பயிற்றுவோரைப் பற்றியதுமாகும்.

மனித உடலிலிருந்து நுண்ணிய தோற்செதில்கள் ஓயாது உதிர்கின்றன. அவற்றோடு வியர்வையும் பற்றீரியாவும் சேர்ந்து ஒவ்வொருவருக்கும் உரிய தனி மணத்தை உண்டாக்குகின்றன. காற்று அடங்கிய வேளையில் அச்செதில்கள் காலடிச் சுவட்டின் அருகே வீழும். காற்று வீசினாலோ, பல யார் தூரம் ஒதுங்கிப் புல்லிலும் வேலியடியிலும் பள்ளத்திலும் தங்கும். இதனைக் கண்ணாற் காண விரும்புவோர் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திச் சன்னலருகே வைத்துப் பார்க்கலாம். புகை நேர்கோட்டிற் செல்வதில்லை. நெளியும், அறுபடும், அலுமாரியின் மறைவிலே சுழன்று தேங்கும். மணத்தின் போக்கும் அத்தகையதே.

ஆகவே, மனிதன் வீதி நடுவே நடந்திருக்க, நாய் வேலியோரமாக மோந்து செல்லக்கூடும். அது பிழையன்று, மணம் இருக்குமிடத்திலேதான் அது செல்கின்றது.

பயிற்சியை அமைதியான காலைப் பொழுதிலே தொடங்குதல் நன்று. நாய்க்குப் பழக்கமான ஒருவர் தாம் அணிந்த துணியொன்றை நிலத்தில் இட்டுவிட்டுச் சிறிது தூரம் நடந்து சென்று மறைந்துகொள்வர். பயிற்றுவோர் நாய்க்கு மார்புப் பட்டியும் நீண்ட வாரும் பூட்டி, அத்துணியை மோக்கவிட்டு ஏவுவர். கண்டுபிடித்தவுடன் உணவும் பாராட்டும் கிடைக்கும்.

இது படிந்தபின், காற்று முதுகிற் படும் திசையிலே சுவடு இடப்படும். எதிர்க்காற்றாயின், நாய் தலையைத் தூக்கி, சுவட்டைக் கைவிட்டு, மறைந்திருப்பவரை நோக்கி நேரே ஓடிவிடும். அதுவும் பயனுள்ள திறனே. ஆயினும் சுவடு பற்றும் பாடம் நிலைபெறாது. அடுத்தது குறுக்குக் காற்று. இங்கேதான் சோதனை. மணம் அறுபட்ட இடத்தில் நாய் தலை நிமிர்த்தும், வேகம் தளரும், இடமும் வலமுமாக அலையும். அவ்வேளையிற் பயிற்றுவோர் அசையாது நிற்றல் வேண்டும். "சுவடு இந்தப் பக்கம்" என்று வாரை இழுத்தாரோ, நாய் தன் மூக்கை விட்டு அவர் கையை நம்பத் தொடங்கும்.

பேர்ளினில் ஹான்ஸ் என்னும் குதிரையொன்று கணக்குகளுக்குக் குளம்பைத் தட்டி விடை கூறிற்று. அதனைப் பயிற்றியவர் கணித ஆசிரியர் ஒருவரே. 1907ஆம் ஆண்டில் ஒஸ்கார் புங்ஸ்ற் என்பவர் அதனை ஆராய்ந்தார். வினவுவோருக்கு விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை! சரியான எண் வந்தவுடன் அவர்கள் தம்மையறியாது செய்த சிறு தலையசைவைக் கண்டே குதிரை தட்டுதலை நிறுத்தியது. இதனாலேதான், தேர்ந்த நாய்க்குச் சுவடு இடும்போது அதன் வழியைப் பயிற்றுவோருக்குச் சொல்லாது விடுகின்றனர். காணாமற்போன குழந்தையைத் தேடும் நாளிலே வழியறிந்தவர் எவரும் உடனிருக்கமாட்டார். அன்று கையை நம்பிப் பழகிய நாயால் யாது பயன்?

விடை தெரிந்தவர் பொறுத்து நிற்றல் எளிதன்று. கரும்பலகையின் முன் மாணவன் தடுமாறும்போது நமது நாவும் முந்திக்கொள்ளவே செய்கின்றது.

வினா எழுப்பிய மாணவன் தன் வீட்டு நாயைப் பழக்கிப் பார்க்கப் போகின்றானாம். அவனுக்கு நாம் ஒன்றே கூறினோம்: "தம்பியை ஒளித்துக்கொள்ளச் சொல், எங்கே ஒளிந்தான் என்பதை மட்டும் நீ கேளாதே."