வாட்டாத தலை கேளுங்கள்

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் மத்திய அரசின் தொழுநோய் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் நடந்துவருகிறது. தொழுநோய்க் கிருமியைச் சோதனைக்கூடத்தில் எதில் வளர்ப்பது என்று தெரியாமல் மருத்துவ உலகம் திண்டாடிய காலம் அது. 1960-இல் அமெரிக்காவின் ஷெப்பர்டு அதை எலியின் பாதத்தில் பெருக்கிக் காட்டினார். 1971-இல் கிர்க்ஹைமரும் ஸ்டோர்ஸும் ஆர்மடில்லோவுக்குப் போனார்கள். அந்தக் கிருமிக்குக் குளிர்ந்த இடம் பிடிக்கும். எலியின் பாதம் குளிர்ந்தது, ஆர்மடில்லோவின் உடம்பே நம் உடம்பைவிடக் குளிர்ந்தது. மனிதனைப் போல இருக்கிறதா என்று பார்த்து யாரும் இவற்றை எடுக்கவில்லை. கையிலிருந்த கேள்விக்கு எது ஒத்துவரும் என்றுதான் பார்த்தார்கள்.

காது அறுவையில் நாம் இந்தக் கணக்கை அவ்வளவு கறாராகப் போடுவதில்லை. 'விலங்கு மாதிரி' என்ற ஒரே தலைப்பின்கீழ் சின்சில்லாவையும் கறிக்கடை ஆட்டையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். நடுக்காதில் சீழ் எப்படிப் பிடிக்கிறது என்ற கேள்விக்குச் சின்சில்லா சரி. அதன் புல்லா பெரியது, ஊசி போட்டு நீர் எடுக்க வசதி. காக்ளியா ஆராய்ச்சிக்குக் கினிப்பன்றி; அதன் காக்ளியா புல்லாவுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். கொலஸ்டியடோமாவுக்கு மங்கோலிய ஜெர்பில். வயதானால் அதற்குத் தானாகவே வரும். மூன்றும் ஆராய்ச்சிக்கு உரியவை. டிம்பனோபிளாஸ்டி கற்கும் முதுநிலை மாணவருக்கு மூன்றாலும் பயனில்லை.

மாணவருக்கு வேண்டியது கைப்பழக்கம். மனித டெம்பரல் போன் பாடத்திட்டத்தில் இருக்கிறது, போதுமான அளவுக்குக் கிடைப்பதில்லை. கிடைக்கும் எலும்பும் பெரும்பாலும் ஃபார்மலினில் ஊறி, செவிப்பறை தோல்காகிதமாகிக் கிடக்கும். மாஸ்டாய்டு துளைக்க அது போதும். ஒரு மெல்லிய சவ்வைக் கிழியாமல் தூக்கிப் பழக அது உதவாது. அந்த இடத்தில்தான் ஆட்டுத்தலை வருகிறது. செம்மறி ஆட்டின் நடுக்காதுச் சிற்றெலும்புகள் ஏறக்குறைய மனிதனுடையதில் மூன்றில் இரண்டு பங்கு அளவு. மூன்றும் அதே வரிசையில், அதே மூட்டுகளோடு இருக்கின்றன. சிறியதில் பழகிய கைக்குப் பெரியது எளிது என்பது கூடுதல் லாபம்.

வாங்குவதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. நம் ஊரில் தலையை நெருப்பில் வாட்டி மயிரைப் பொசுக்கித்தான் கொடுப்பார்கள். சமையலுக்கு அது சரி; நமக்கு அந்தச் சூட்டில் காதுக் குழலின் தோல் சுருண்டு செவிப்பறை கெட்டுவிடும். ஆகவே வாட்டாத தலை வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். மூளை எடுக்க நடுவில் பிளக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிளந்தாலும் காது ஓரத்தில்தான் இருக்கிறது, ஆனால் வெட்டுக்கத்தி சற்று விலகினால் காக்ளியா போச்சு. ஞாயிற்றுக்கிழமை கேட்டால் கடைக்காரர் முகம் கொடுத்துப் பேச மாட்டார். செவ்வாய், வியாழன் நல்லது.

மனித எலும்புக்கான பிடிப்பான் இதற்குப் பொருந்தாது. பிளாஸ்டிக் பேசினில் பாரிஸ் சாந்து குழைத்து, காது மேலே வருமாறு தலையைப் பதித்தால் அசையாது. மடலை அடியோடு அறுத்தெடுங்கள், ஆனால் எறிந்துவிடாதீர்கள். ஒட்டுப்போடத் தேவையான பெரிகாண்ட்ரியம் அதில் தாராளமாக இருக்கிறது. குழலைக் குட்டையாக்கியதும் மைக்ரோஸ்கோப்பில் செவிப்பறை தெரியும். நடுவில் ஓட்டை போட்டு, விளிம்பைச் சீராக்கி, மடிப்பைத் தூக்கி, உள்ளே ஜெல்ஃபோம் வைத்து, பெரிகாண்ட்ரியத்தை அடியில் விரிக்கலாம். அதன்பின் அதே காதில் இன்கஸை அகற்றி எலும்புத் தொடரைச் சீரமைக்கலாம். கடைசியில் ஸ்டேபிஸ். மனிதக் காதுக்கு 4.5 மில்லிமீட்டர் பிஸ்டன் என்று பழகிய கை இங்கே ஏமாறும். அளந்து குட்டையாக வெட்ட வேண்டியிருக்கும். அளக்காமல் வெட்டும் பழக்கம் முதல் தலையிலேயே போய்விடும். ஈரத்துணி மறந்தால் மைக்ரோஸ்கோப் வெளிச்சத்தில் எல்லாம் காய்ந்துவிடும் என்பதையும் மாணவர் தாமே கண்டுகொள்வார்.

இதை மாஸ்டாய்டுக்கு நீட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆட்டுக்கு நமக்குள்ளது போன்ற காற்றறை மாஸ்டாய்டு கிடையாது. அங்கே டிரில் ஓட்டினால் எலும்பைத் தேய்க்கத் தெரியும், முக நரம்பு எங்கே என்ற வரைபடம் மனதில் தப்பாகப் பதியும். அந்தத் தப்பை ஆபரேஷன் தியேட்டரில் திருத்துவது ஆபத்து. மாஸ்டாய்டுக்கு மனித எலும்பு, அது இல்லையென்றால் முப்பரிமாண அச்சில் எடுத்த எலும்பு. பன்றித்தலையைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அதன் காதுக் குழல் நீண்டு வளைந்தது, செவிப்பறைக்குப் போவதற்குள் பொழுது போய்விடும். அதைத் தொட மனமில்லாத மாணவர்களும் இருப்பார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்தும் உரிமை எந்தத் துறைத்தலைவருக்கும் இல்லை.

செத்த காதில் ரத்தம் வராது. இதைச் சொல்லி உயிருள்ள விலங்கில் பயிற்சி கொடுக்கலாமே என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை தொடங்கும் திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவை நடத்திய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி திறந்தது. அதன் 17-ஆம் பிரிவு, வெறும் கைத்திறன் பெறுவதற்காக விலங்குச் சோதனை செய்வதை இயன்றவரை தவிர்க்கச் சொல்கிறது. நம் துறைக்கென்றே எழுதியது போன்ற வரி. ரத்தத்தைக் கட்டுப்படுத்துவதை மூத்தவர் பக்கத்தில் நின்று தியேட்டரில்தான் கற்க வேண்டும். வேறு வழி தேட வேண்டியதில்லை.

கறிக்கடைத் தலை உயிருள்ள விலங்கின் மேல் செய்யும் சோதனை அல்ல. இருந்தாலும் நிறுவனக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி வையுங்கள். டிரில் ஓட்டும்போது எலும்புத்தூள் பறக்கும். என்95 முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். முடிந்ததும் மிச்சம் மஞ்சள் பையில் போக வேண்டும். "நல்ல தலை சார், வீணாகிறதே" என்று ஆய்வக உதவியாளர் சொல்வார். கொடுத்துவிடாதீர்கள்.

காக்ளியர் இம்ப்ளாண்டுக்கு வருகிறேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இது செய்யப்படும் மாநிலம் இது. பழகும் கைகள் பெருக வேண்டும். மெல்போர்னின் கிரீம் கிளார்க் பூனைகளில் ஆண்டுக்கணக்காக உழைத்தவர். ஆனால் மின்முனையைச் சுருளுக்குள் எப்படி நுழைப்பது என்ற முடிச்சு 1977-இல் ஒரு கடற்கரையில் அவிழ்ந்தது. சங்கு போன்ற ஓட்டுக்குள் புல்லிதழைச் செருகிப் பார்த்தார். நுனி வளைந்தும் அடி விறைத்தும் இருந்த இதழ் உள்ளே சுற்றிப் போயிற்று. மாமல்லபுரத்துக் கடைத்தெருவில் அப்படிப்பட்ட ஓடுகள் குவிந்து கிடக்கின்றன. அங்கே விடுதிகளில் மாநாடு நடத்துபவர்கள் ஒரு தட்டு நிறைய வாங்கி வைத்தால் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு மணி நேரப் பாடம் ஆயிற்று. மாநாட்டுக்கு வந்தவர்கள் வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் எட்டிப் பார்க்கலாம். முதலைக்குச் செவிப்பறையிலிருந்து உட்காதுக்கு ஒற்றை எலும்பு, காலுமெல்லா. நாம் டார்ப் வைத்து முடிக்கும் காதும் அதுதான்.

இனி நம் பங்கு. ஆட்டுக்காது அளவுகள் என்று நாம் மேற்கோள் காட்டுபவை பெரும்பாலும் அயல்நாட்டு இனங்களில் எடுத்தவை. செங்கல்பட்டு வட்டாரத்துக்கே உரிய செம்மறி இனம் மெட்ராஸ் சிவப்பு. காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையோரத்து மருத்துவக் கல்லூரிகளுக்கு அது கூப்பிடு தூரம். கால்நடை மருத்துவரைத் துணை ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டு, வயதும் பாலும் தெரிந்த தலைகளில் சி.டி. எடுத்து, மேலியஸ் கைப்பிடி நீளம், ஸ்டேபிஸ் உயரம், வட்டச் சாளரத்தின் அகலம் ஆகியவற்றை அளந்து அனுப்புங்கள். இந்த இதழ் இடம் தரும்.

ஒரு நிபந்தனை உண்டு. கறிக்கடையில் 'ஆடு' என்றால் வெள்ளாடாகவும் இருக்கலாம், செம்மறியாகவும் இருக்கலாம். எது என்று எழுதாமல் 'ஆட்டுத்தலை' என்று மட்டும் குறித்து வரும் கட்டுரைகள் மதிப்பீட்டாளரிடம் போகாமலே திரும்பி வரும்.