மூன்று படம் சேர்ந்து ஒரு படம்

எச்டிஆர் என்றாலே பொய்ப் படம் என்று ஒரு கட்சி. இனிமேல் அதுதான் படம், மற்றதெல்லாம் பழைய சாமான் என்று இன்னொரு கட்சி. பெங்களூரில் வேலை பார்க்கும் என் பேரன் இரண்டாவது கட்சி. போன மாதம் திருமலைக்குப் போய் முதல் தடவையாக அந்த முறையில் படம் எடுத்துப் பார்த்தேன். பார்த்த பிறகு இரண்டு கட்சியிலும் சேர எனக்கு மனம் இல்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

முதலில் இது என்ன சங்கதி என்று ஆரணிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். அரக்குக் கலர் பட்டுப் புடவையை வெயிலில் விரித்துப் படம் எடுத்திருக்கிறீர்களா? உடல் நன்றாகத் தெரியவேண்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டினால் சரிகை வெறும் வெள்ளைப் பட்டையாகிவிடும், அதிலுள்ள அன்னமும் மயிலும் காணாமல் போகும். சரிகைக்காகக் குறைத்தால் அரக்கு கறுப்பாகிவிடும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் தெரிகிறது, கேமராவுக்குத் தெரிவதில்லை. இந்தக் குறைக்கு மருந்துதான் எச்டிஆர். வெளிச்சம் குறைத்து ஒன்று, நடுத்தரமாக ஒன்று, கூட்டி ஒன்று என்று அசையாமல் மூன்று படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாக விழுந்த பகுதியை எடுத்துச் சேர்த்து ஒரே படமாக்குவது.

பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவன் கணக்குச் சொல்லாமல் விடமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். இருட்டறையில் 50 லக்ஸ் கூட இருக்காது. இரண்டாயிரம் மடங்கு வித்தியாசம். கண்மணி 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விரியும் என்று வைத்துக்கொண்டால், பரப்பளவில் 16 மடங்குதான் கூடுகிறது. மிச்சத்தை விழித்திரையும் மூளையும் பார்த்துக்கொள்கின்றன. அதுவும் ஒரே நொடியில் இல்லை. நாம் வெளியே பார்த்து, உள்ளே பார்த்து, மறுபடி வெளியே பார்த்து, எல்லாவற்றையும் ஒரு காட்சியாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறோம். ஆக, பல படங்களைச் சேர்ப்பது பொய் என்றால் நம் கண்ணும் பொய்தான். நம் வயதில் கண்மணி அவ்வளவு விரிவதும் இல்லை. வெயிலிலிருந்து குகைக்குள் போனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியிருக்கிறது.

இது கம்ப்யூட்டர் காலத்து வித்தையும் அல்ல. 1850களிலேயே பிரான்ஸ் நாட்டு குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ் என்று எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். அந்தக் காலத்துத் தகடுகளில் நீல வானம் வெளுத்துப்போகும், வேறு வழி இல்லை. கணக்குப் போட்டு இதை ஒழுங்குபடுத்தியவர்களில் பால் டெபவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் முக்கியமானவர்கள். அவர்களுடைய கட்டுரை 1997இல் வந்தது. மாலிக் கான்பூர் ஐஐடியில் படித்தவர். 2010இல் ஆப்பிள் ஃபோனில் இது ஒரு பொத்தானாக வந்தது. இப்போது அந்தப் பொத்தான்கூட வேண்டாம், ஃபோன் நம்மைக் கேட்காமலே செய்துவிடுகிறது.

திருமலை என்றதும் ஏழுமலையானை நினைத்துக்கொள்ள வேண்டாம், நான் சொல்வது வடமாதிமங்கலம் பக்கத்து நம்ம திருமலை. ராஜராஜ சோழனின் அக்காள் குந்தவையின் பெயரால் அமைந்த ஜினாலயம் இருக்கும் சமணர் மலை. மேலே பாறையில் சுமார் 16 அடி உயரத்துக்கு நேமிநாதர் நிற்கிறார், நம் பக்கத்தில் சிகாமணிநாதர் என்பார்கள். பாறைக்கு அடியில் செங்கல் வைத்துக் கட்டிய அறைகள். அவற்றின் சுவரிலும் விதானத்திலும் ஓவியங்கள். சோழர் காலம், விஜயநகர காலம் என்று ஆய்வாளர்கள் பலவாறு சொல்கிறார்கள். அவற்றில் வட்டமாக வரைந்த சமவசரணம், அதாவது தீர்த்தங்கரர் அறம் சொல்லும் சபை, முக்கியமானது. இருப்பது மிச்சம் மீதிதான். காரை உதிர்ந்த இடமெல்லாம் போனது போனதுதான்.

முக்காலி வைப்பதென்றால் தொல்லியல் துறையிடம் முன்னதாக அனுமதி வாங்கவேண்டும். அதனால் தோள்பையைத் தரையில் வைத்து, அதன் மேல் கேமராவைப் படுக்கவைத்து, இரண்டு நொடி டைமரில் எடுத்தேன். ஃப்ளாஷ் கிடையாது. அறைக்குள்ளிருந்து வாசலைப் பார்த்து, 60இல் ஒரு நொடி, 15இல் ஒரு நொடி, 4இல் ஒரு நொடி. முதல் படத்தில் வெளியே வானமும் வயலும் அழகாக இருந்தன, உள்ளே மை பூசினாற்போல் இருந்தது. மூன்றாவதில் சுவரில் கோடுகள் தெரிந்தன, வாசல் வெறும் வெள்ளைக் காகிதம். எழுந்திருக்கத்தான் கூட வந்த தம்பி கை கொடுக்கவேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து லூமினன்ஸ் என்ற இலவச மென்பொருளில் மூன்றையும் சேர்த்தேன். அதில் தயாராக வைத்திருக்கும் பாணிகளில் ஒன்றை அமுக்கினால் பாறை பிளாஸ்டிக் மாதிரி ஆகிறது, வாசலைச் சுற்றி ஒளிவட்டம் வருகிறது, வெளியே காற்றில் ஆடிய ஒரு கிளை மூன்று கிளையாகிறது. சிவகாசி காலண்டர் தோற்றது. அதையெல்லாம் குறைத்துக் குறைத்து, குகைக்குள் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது என் கண்ணுக்குத் தெரிந்த அளவில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

பேரனுக்கு அனுப்பினேன். “என்ன தாத்தா, இருட்டா இருக்கு? இருங்க, நான் சரி பண்ணித் தரேன்” என்றான். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது. சிவப்பு சிவப்பாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் ஜொலிக்க, நேற்று வரைந்த ஓவியம் போல் இருந்தது. வீட்டில் எல்லாருக்கும் அதுதான் பிடித்தது. “இது நல்லா இருக்கே” என்று என் மனைவியும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள்.

என் ஆட்சேபணை அழகைப் பற்றி இல்லை. அஜந்தாவில் நடந்ததைப் பாருங்கள். ராபர்ட் கில் என்ற ராணுவ அதிகாரி 1840களில் தொடங்கி வருடக்கணக்கில் அங்கிருந்த ஓவியங்களைப் பார்த்துப் பிரதி எடுத்தார். அவற்றில் பெரும்பாலானவை 1866இல் லண்டனில் கிறிஸ்டல் பேலஸ் தீயில் போயின. அடுத்து கிரிஃபித்ஸ் தலைமையில் பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்கள் எடுத்த பிரதிகளிலும் பல 1885இல் இன்னொரு தீயில் போயின. மூலமும் இதற்கிடையில் உதிர்ந்துகொண்டே வந்தது. சுவரில் இன்று இல்லாத பகுதிக்குப் பிரதிதானே சாட்சி? பினாய் பெஹல் 1991இல் அங்கே ஃப்ளாஷ் இல்லாமல், இருக்கிற மங்கலான ஒளியிலேயே பொறுமையாகப் படம் எடுத்தாரே, அதை உலகம் மதிப்பதற்கும் அதுதான் காரணம். அந்த நிறத்தை நம்பலாம்.

திருமலைக்கு அப்படி எத்தனை சாட்சிகள் இருக்கின்றன? ஃபோனில் எடுத்து, ஃபோன் தானாகக் கூட்டிய நிறத்தோடு சுற்றுகிற படங்கள்தான் ஆயிரக்கணக்கில் வரப்போகின்றன. நாளைக்கு அந்தச் சமவசரணத்தில் இன்னும் ஒரு சாண் காரை விழுந்து, பழையபடி சீர்செய்ய யாராவது நிறம் தேடினால், பேரன் அனுப்பியதுதான் முதலில் கையில் கிடைக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்து ஒருவர் தூரிகையை எடுத்தால்? அதனால்தான் என் கட்சி இது: சேர்த்துக்கொள்ளுங்கள், மினுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் எடுத்த மூன்று படங்களையும் தேதியோடு பத்திரமாக வையுங்கள். நான் ஒரு சின்ன நிற அட்டையை ஓரத்தில் வைத்து நாலாவதாக ஒரு படமும் எடுத்துவைத்தேன். அதைப் பார்த்தால் யாரும் லைக் போடமாட்டார்கள், பரவாயில்லை.

இருட்டைப் பற்றியும் ஒன்று. ராஜேந்திர சோழனின் புகழ்பெற்ற மெய்க்கீர்த்தி இந்த மலையில்தான் வெட்டியிருக்கிறது. கங்கை வரை வென்றதை எல்லாம் பட்டியல் போட்டுவிட்டு, கடைசியில் அந்தக் கல்வெட்டு வந்து சேரும் இடம் எது தெரியுமா? சாமுண்டப்பை என்ற வணிகன் மனைவி குந்தவை ஜினாலயத்தில் நந்தா விளக்கு எரிய வைத்த தர்மம். ஒற்றை விளக்கின் வெளிச்சத்தில் பார்த்துப் பழகிய ஊர் இது. மூலை முடுக்கெல்லாம் ஒரே வெளிச்சமாகத் தெரியும் குகைப் படத்தைப் பார்த்தால் எனக்குக் கல்யாண மண்டபம்தான் ஞாபகம் வருகிறது.

புடவை விஷயத்தில் மட்டும் நான் எச்டிஆர் பக்கம், அதுவும் அளவோடு. எங்கள் தெருவில் ஒரு நெசவாளர், மகன் வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கிறான். மூன்று படம் சேர்த்து எடுத்துக் காட்டினேன். சரிகையும் தெரிந்தது, அரக்கும் அரக்காக இருந்தது. மயில்கழுத்துக் கலரில்தான் மாட்டிக்கொண்டோம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், அசைத்தால் மாறுகிற சாயல் அது. எத்தனை படம் சேர்த்தாலும் நின்ற இடத்தில் ஒரு நிறம்தானே விழும்? “சார், இதுக்கு வீடியோதான்” என்று அந்தப் பையனே சொல்லிவிட்டான்.

ஐப்பசியில் மேகம் கட்டின ஒரு நாளாகப் பார்த்து மறுபடி போகப்போகிறேன். வெளி வெயில் குறைந்தால் மூன்று படத்துக்கு இரண்டு போதும். அதற்குள், 1970களிலோ 80களிலோ குடும்பத்தோடு மலைக்குப் போய், பின்னால் ஓவியம் தெரிகிற மாதிரி எடுத்த பழைய கலர் படம் யார் வீட்டு ஆல்பத்திலாவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள். நெகடிவ் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்கே வந்து பார்த்து, பிரதி எடுத்துக்கொண்டு அங்கேயே கொடுத்துவிடுகிறேன்.